மூடுபனிக்கு மேலே பத்து பேனல்கள்

என் அப்பாவுக்கு எண்பத்தாறு வயதில் இடுப்பு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் தகடு வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவரால் தானாகக் குளிக்க முடியவில்லை. அறுபது வருடம் மலையில் ஆடு மேய்த்த மனிதர். பெற்ற மகள் கையால் குளிக்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். நாலு நாள் அப்படியே கிடந்தார். ஐந்தாம் நாள் காலை ஏழரைக்கு ரேவின் பர்டி வந்து சேர்ந்தாள்.

அவளுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. குள்ளம், தோள்கள் மட்டும் ஆண்பிள்ளைத் தோள்கள். கம்பளி வெட்டும் கூட்டத்தோடு இருபது வருடம் ஊர் ஊராகப் போய் வெட்டிய கம்பளியைத் தரம் பிரித்தவள். முதுகு ஒத்துழைக்காமல் போனதும், வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, மருந்து கொடுக்கும் வேலையில் சேர்ந்தாள். எங்கள் ஹாரோ பள்ளத்தாக்கில் அவளுக்கு ஐந்து வீடுகள். முதல் வீடு எங்களுடையது.

கதவைத் திறந்ததும் அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"ஈவர்ட், நான் இருபது வருஷம் கம்பளிக் கொட்டகையில இருந்தவ. உங்களைவிட அழுக்கா, உங்களைவிட அதிகமா உதைக்கிறதையெல்லாம் பிடிச்சு உக்கார வெச்சிருக்கேன். எழுந்திரிங்க," என்றாள்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அப்பா முதல் தடவையாகச் சிரித்தார். அன்றைக்குக் குளித்தார். அதன் பிறகு ஒரு நாளும் தகராறு செய்யவில்லை.

ரேவினின் வீடு பள்ளத்தாக்கின் அடிமட்டத்தில், ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. மின்கம்பி அங்கே வரவில்லை. நாலு கிலோமீட்டருக்குக் கம்பம் நட ஆகும் செலவில் அந்த மாதிரி இரண்டு வீடு வாங்கலாம். அதனால் அவளும் கணவன் டெஸ்ஸும் கூரையில் எட்டு சோலார் பேனல் பதித்து, பின்னறையில் பேட்டரிகளை அடுக்கிக் குடித்தனம் நடத்தினார்கள். டெஸ் ஆறு மாதம் சுரங்க வேலை என்று ஆஸ்திரேலியா போனவன். நான் சொல்லும் கதை நடந்தபோது அவன் போய் எட்டு வருடம். அவனைப் பற்றிக் கேட்டால் ரேவின், பேட்டரியை விட்டுவிட்டுப் போனானே, அதுவரைக்கும் நல்லவன் என்பாள்.

அவன் விட்டுப்போனது இன்னொன்றும் உண்டு. அவர்கள் வீட்டுக்கு மேலே மலைச்சரிவு முழுக்க நெவில் ஸ்ட்ராகன் என்பவருடைய பண்ணை. வாய்க்கால் தண்ணீர் யாருக்கு எந்த நாள் என்பதில் டெஸ்ஸுக்கும் நெவிலுக்கும் தகராறு. ஒரு நாள் டெஸ் மடைப் பலகையைக் கோடாரியால் பிளந்துவிட்டான். இருவரும் வாய்க்காலில் கட்டிப்புரண்டார்கள். அதன் பிறகு பதினாலு வருடம் நெவில் அந்த வீட்டு மனிதர்களோடு பேசவில்லை. டெஸ் போன பிறகும் பேசவில்லை. நெவிலின் மனைவி இசபெல் இறந்தபோது ரேவின் ஆட்டுக்கறி வேகவைத்து அவர் வாசல் கேட்டில் வைத்துவிட்டு வந்தாள். இரண்டு நாள் கழித்துப் பாத்திரம் கழுவித் துடைத்து அவள் கேட்டில் இருந்தது. ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ரேவினின் டீசல் பிக்கப் செத்துப்போனது. அதற்குப் பதிலாக அவள் வாங்கியது, ஜப்பானில் பத்து வருடம் ஓடிக் கப்பலேறி வந்த ஒரு சின்ன மின்சாரக் கார். காலையில் பொத்தானை அழுத்தினால் ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லும். அர்த்தம் இங்கே யாருக்கும் தெரியாது. அப்பா தினமும் கேட்பார்:

"அந்த ஜப்பான்காரி இன்னிக்கு என்ன சொன்னா?"

"ஈவர்ட் கிழவனுக்குக் கஞ்சியில சர்க்கரையைக் குறைன்னு சொன்னா."

கோடைகாலத்தில் அந்தக் காருக்கு ஒரு குறையும் இல்லை. மதியம் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்ச் செருகினால், கூரையில் மிஞ்சும் வெயில் எல்லாம் காருக்குள் இறங்கிவிடும். பெட்ரோல் பங்க் பக்கம் போகாமல் நான்கு மாதம் ஓட்டினாள். மதுக்கடையில் ஒருத்தன், ரேவின், உன் வண்டிக்கு டார்ச் லைட் செல் எத்தனை போடணும் என்று கேட்டான். உன் மூளைக்குப் போடுவதைவிட ஒன்று கூட என்றாள். பிறகு யாரும் கேட்கவில்லை.

ஜூன் பிறந்ததும் நிலைமை மாறியது. பூமியின் தென்கோடியில் இருக்கும் எங்களுக்கு அதுதான் குளிர்காலம், வெயிலும் வடக்கிலிருந்துதான். எங்கள் பக்கத்தில் குளிர்காலச் சூரியன் எட்டரை மணிக்கு எழுந்து, வடக்கு மலைமுதுகை உரசிக்கொண்டே நடந்து, ஐந்து மணிக்கு முன்பே விழுந்துவிடும். கூரையில் கோடைக்காகப் படுக்கவைத்த பேனல்கள் அந்த வெயிலை வாங்காது. குளிரில் காரும் பாதி தூரம்தான் ஓடும். ஐந்து வீட்டையும் சுற்றிவர ஐம்பத்தெட்டு கிலோமீட்டர். ரேவின் காரில் ஹீட்டரைப் போடுவதை நிறுத்தினாள். மடியில் வெந்நீர்ப் பை, தலையில் இரண்டு குல்லா. வீட்டில் ஃப்ரீசரை அணைத்து இறைச்சியை வெளியே கம்பிவலைப் பெட்டியில் தொங்கவிட்டாள். அப்படியும் போதாமல் டெஸ்ஸின் பழைய பெட்ரோல் ஜெனரேட்டரைத் தினமும் இரண்டு மணி நேரம் ஓடவிட்டாள். அதன் சத்தத்தில் அவளுடைய நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துவிடும்.

"பெட்ரோல் வேண்டாம்னு இந்தக் காரை வாங்கினேன் மொய்ரா. இப்போ பெட்ரோலை எரிச்சு எரிச்சு அதுக்குப் புகட்டுறேன். என்னைவிட முட்டாள் இந்தப் பள்ளத்தாக்குல இருக்க முடியுமா?" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது, குரலில் இல்லை.

எங்கள் வீட்டில் இருக்கும் நேரம் செருகிக்கொள்ளச் சொன்னேன். பராமரிக்கும் வீடுகளில் எதுவும் வாங்கக்கூடாது என்பது வேலை விதி என்றாள். விதியைத் தள்ளிவைத்தாலும், நாற்பது நிமிடத்தில் சாதாரண ப்ளக்கில் எட்டு கிலோமீட்டருக்குத்தான் ஏறும். ஊரில் ஒரே ஒரு வேகமான சார்ஜர் இருந்தது, எதிர்த்திசையில் இருபத்தாறு கிலோமீட்டர். முடிந்த நாட்களில் அங்கே போய்க் காரில் உட்கார்ந்து காலுறை பின்னுவாள். அந்தக் குளிர்காலத்தில் பள்ளத்தாக்கில் பாதிப் பேருக்கு அவள் பின்னிய காலுறை கிடைத்தது.

அடுத்த குளிர்காலம் இப்படிப் போகக்கூடாது என்று முடிவெடுத்தாள். கோடை முழுக்க விசாரித்து, நகரத்தில் ஒரு செர்ரிப் பழக் கிடங்கில் புதிது பதித்துவிட்டுக் கழற்றிப்போட்ட பேனல்கள் பத்தை வாங்கினாள். தாங்கி நிறுத்தச் சட்டம் வேண்டும். அப்பா படுக்கையிலிருந்தே, நம்மிடம் அலுமினிய ஆட்டுத் தடுப்புகள் சும்மா கிடக்கின்றனவே, இனி நான் ஆடு பிரிக்கப் போகிறேனா, எடுத்துப்போகச் சொல் என்றார். மே மாதத்தில் நானும் ரேவினும் அவள் வீட்டுப் பின்பக்கம் அந்தத் தடுப்புகளை வடக்கு நோக்கி ஏறக்குறைய நிமிர்த்தி நட்டு, பேனல்களைக் கட்டினோம். நிமிர்ந்து நின்றால் தாழ்ந்த வெயில் நேராக விழும், உறைபனியும் தங்காமல் வழுக்கி விழுந்துவிடும். மின் வேலைக்கு நகரத்திலிருந்து மாரமா என்ற பெண் வந்தாள். சுறுசுறுப்பானவள், அதிகம் பேசமாட்டாள்.

ஜூன் முதல் இரண்டு வாரம் வானம் கண்ணாடிபோல் இருந்தது. இரவெல்லாம் உறைந்து, பகலெல்லாம் வெயில். குளிரில் பேனல்கள் கோடையைவிட நன்றாக வேலை செய்தன. ரேவின் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு கையுறை இல்லாமல் வந்து இறங்கினாள்.

மூன்றாம் வாரம் மூடுபனி இறங்கியது.

எங்கள் ஊர் மூடுபனி காலையில் வந்து பத்து மணிக்குக் கலைந்துபோகிற ஜாதி இல்லை. காற்றில்லாத குளிர்காலத்தில் பள்ளத்தாக்கு ஒரு கிண்ணம். குளிர்ந்த பனி அதில் நிரம்பி அப்படியே நிற்கும். வேலிக் கம்பியில் விரல் நீளத்துக்கு ஊசி ஊசியாக உறைந்து தொங்கும். பகலும் சாம்பல் நிறம்தான். அந்த வெளிச்சத்தில் பதினெட்டு பேனலும் சேர்ந்து ஒரு கெட்டில் தண்ணீரைக் கொதிக்கவைக்கக்கூடப் போதவில்லை. ஐந்து நாள், ஆறு நாள், ஒன்பது நாள். அதே வாரம் பார்த்து ஊர் சார்ஜர் பழுதானது. பத்தாம் நாள் ஜெனரேட்டர் கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்ததுதான் மிச்சம், கிளம்பவில்லை.

பதினோராம் நாள் காலை ஏழரைக்கு அவள் வரவில்லை. எட்டுக்கும் வரவில்லை. போன் எடுக்கவில்லை, பாதி வழிக்குச் சிக்னல் கிடையாது. நான் தேடிப்போகக் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தபோது கதவு தட்டும் சத்தம். திறந்தால் ரேவின். புருவம், இமை, குல்லாவுக்கு வெளியே தெரிந்த முடி எல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. கார் நெவிலின் வாசலில் நின்றுவிட்டதாம். அங்கிருந்து மூன்று கிலோமீட்டரை இருட்டில், டார்ச்சோடு, பனியில் வழுக்கி வழுக்கி நடந்து வந்திருக்கிறாள். நெவிலின் வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்ததாம். தட்டவில்லை.

"மன்னிச்சுக்குங்க ஈவர்ட், லேட்டாயிடுச்சு," என்று சொல்லி, விறைத்த விரல்களால் கோட்டுப் பொத்தானைக் கழற்றப் பார்த்தாள். முடியவில்லை.

அப்பா அவள் விரல்களைப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"மொய்ரா, தொட்டியில வெந்நீர் நிரப்பு. இன்னிக்கு அவ குளிக்கட்டும். நான் ஒரு நாள் நாறினா ஒண்ணும் ஆகாது."

ரேவின் மறுத்துப் பார்த்தாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதாக நடித்தார். அவள் குளித்தாள். குளியலறைக்குள் அவள் அழுத சத்தம் எனக்குக் கேட்டது. நான் கெட்டிலைப் போட்டு, ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். வெளியே வந்தவள் சூடாக ஓட்ஸ் கஞ்சி குடித்துவிட்டு, அதன் பிறகும் அப்பாவைக் குளிப்பாட்டாமல் விடவில்லை. மீதி நாலு வீட்டுக்கும் நான் என் வண்டியில் அழைத்துப்போனேன்.

மதியம் திரும்பி வந்து பார்த்தால் நெவிலின் வாசலில் காரைக் காணோம். டிராக்டர் தடம் மட்டும் உள்ளே போனது. பின்தொடர்ந்து போனோம். அவருடைய கொட்டகைக்குள் கார் நின்றிருந்தது, சுவர் ப்ளக்கிலிருந்து கம்பி செருகப்பட்டு. நெவில் ஒரு வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எழுபது வயது, ஒட்டடைக்குச்சி மாதிரி உடம்பு.

"ரோட்டுல நின்னுச்சு. லாரிக்காரன் எவனாவது இடிச்சுருவான்," என்றார் வாளியிடம்.

ரேவின் நன்றி சொன்னாள். அவர் தலையசைத்துவிட்டு, தினமும் இங்கேயே செருகிக்கொள்ளலாம் என்றும் வாளியிடமே சொன்னார். அவள், ஒரு நாள் என்றால் உதவி, தினமும் என்றால் பிச்சை, அது வேண்டாம் என்றாள். அவருக்குக் கோபம் வரும் என்று பயந்தேன். வரவில்லை. திரும்பி நடந்தார். இடது காலை இழுத்து இழுத்து நடந்தார். அந்தக் கால் பூட்ஸின் நுனியை யாரோ கத்தியால் வெட்டி எடுத்திருந்தது தெரிந்தது.

ரேவின் பார்த்தது அதை மட்டும் இல்லை.

"நெவில், மூக்கு ஏன் செவந்திருக்கு?"

பதினாலு வருடத்தில் அவர்களுக்குள் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதான்.

"வெயில்."

"எங்க வெயில்?"

"மேல. மேய்ப்பர் குடில் பக்கம் வேலி கட்டிட்டிருந்தேன். சட்டையைக் கழட்டிட்டுத்தான் வேலை செய்ய முடிஞ்சுது."

ரேவின் கொட்டகை வாசலுக்குப் போய் மேலே நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, தனக்கு அந்த இடத்தைக் காட்ட முடியுமா என்று மெதுவாகக் கேட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. நெவிலின் பிக்கப்பில் மூன்று பேரும் ஏறினோம். முகப்பு விளக்கைப் போட்டும் இரண்டு கஜம்தான் தெரிந்தது. வளைந்து வளைந்து ஏறிய பாதையில் ஒரு திருப்பம், சாம்பல் நிறம் வெளுத்தது. இன்னொரு திருப்பம், கண் கூசியது. வெளியே வந்துவிட்டோம். நீலமென்றால் அப்படி ஒரு நீலம். கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பால் ஊற்றி நிரப்பிய மாதிரி வெள்ளை. எதிர் மலைகள் அதிலிருந்து தலையை மட்டும் நீட்டியிருந்தன. மேட்டுத் திடலில் ஒரு தகரக் குடில். அதன் வடக்குச் சுவரில் கை வைத்தால் சுட்டது. குளிரும் கீழே இருந்ததில் பாதி இல்லை.

ரேவின் குல்லாவைக் கழற்றினாள். பனியையும் பார்த்தாள், சூரியனையும் பார்த்தாள்.

"பன்னண்டு நாளா இங்கதான் இருந்திருக்கு. நான் கீழ உக்காந்து அதைத் திட்டிட்டிருந்தேன்," என்றாள்.

இங்கிருந்து கம்பி இழுத்துக் கீழே கொண்டுவர முடியாது, மூன்று கிலோமீட்டர் என்று நான் சொன்னேன். கம்பி எதற்கு என்றாள். கார் சக்கரம் வைத்ததுதானே, அதுவே மேலே வந்து குடித்துவிட்டுப் போகட்டும். அவ்வளவு எளிதாக இருந்தது விஷயம். நாங்கள் வருடக்கணக்கில் மின்சாரத்தை வீட்டுக்குக் கொண்டுவருவதைப் பற்றியே யோசித்திருக்கிறோம்.

நெவில் தொண்டையைக் கனைத்தார். "குடில் சும்மாத்தான் கெடக்கு. எடுத்துக்க. எனக்கு எதுவும் தர வேண்டாம்."

"எனக்கு ஒண்ணு வேணும்," என்றாள் ரேவின். "அந்த எடது கால் பூட்ஸைக் கழட்டுங்க."

"கால்ல ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாத காலுக்கு யாரும் பூட்ஸை வெட்ட மாட்டாங்க. கழட்டலைன்னா நான் வேற மலை பாத்துக்கிறேன்."

"உனக்குத்தான் வேற மலையே இல்லையே."

"இல்லதான். அப்போ எனக்குக் கார் போச்சு, உங்களுக்குக் கால் போச்சு. சரியா?"

அவர் குடில் படியில் உட்கார்ந்தார். காலுறையைக் கழற்றினார். சர்க்கரை வியாதி. இரண்டு விரல்கள் கறுத்து, பக்கத்தில் புண் குழியாகியிருந்தது. ரேவின் முகம் சுளிக்கவில்லை. அவர் குதிகாலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, எத்தனை நாளாக என்று கேட்டாள். இலையுதிர் காலத்திலிருந்து என்றார். யாரிடமும் சொல்லவில்லையா என்று கேட்டாள்.

"சொல்றதுக்கு வீட்டுல யாரு இருக்கா?" என்றார் நெவில்.

திங்கட்கிழமை வரை காத்திருக்க அவள் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த மதியமே அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு விரலை எடுத்தார்கள். இன்னும் இரண்டு வாரம் விட்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே முழுசாகப் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். இரண்டாம் விரல் பிழைத்துக்கொண்டது.

அவர் படுத்திருந்த நாட்களில் நானும் ரேவினும் மதியம் மதியமாக அந்தப் பத்து பேனலையும் மேலே ஏற்றினோம். உறைந்த பாதையில் நாலு சக்கர பைக்கில், ஒரு தடவைக்கு இரண்டு பேனல், நடுவில் பழைய போர்வை. அப்பாவின் ஆட்டுத் தடுப்புகள் இரண்டாம் முறையாக நடப்பட்டன. பகலில் விழும் வெயிலைப் பிடித்துவைக்க பேட்டரி வேண்டுமே. மோதிச் சிதைந்த அதே ரகக் கார் ஒன்றிலிருந்து மாரமா கொண்டுவந்தாள். பேட்டரி உறைந்தால் சார்ஜ் ஏறாது, கெட்டும்போகும். ரேவின் வேலை செய்யாத ஒரு பெரிய ஃப்ரீசர் பெட்டியைக் கொண்டுவந்து, பேட்டரியை உள்ளே வைத்து, பெட்டியின் உள்சுவர் ஓரமெல்லாம் விற்காத அழுக்குக் கம்பளியைத் திணித்தாள். மாரமா வயர்களுக்கும் காற்றுக்கும் இடம் விட்டு, அளவுகருவியை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இந்த மாதிரி பேட்டரிப் பெட்டியை நான் எங்கயும் பார்த்ததில்ல. செத்த ஆடு மாதிரி நாறுது. ஆனா உள்ள கதகதன்னு இருக்கு."

நெவில் பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்தார். கட்டுப்போட்ட காலோடு ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, முடிந்துபோன வேலைக்கு ஒவ்வொன்றாகக் குறை சொன்னார்.

முதல் நாள் மதியம் ஒரு மணிக்கு ரேவின் மேலே வந்தபோது காரில் பதினாலு சதவீதம் இருந்தது. கீழே மூடுபனி மறுபடி பிடித்திருந்தது. கம்பியைச் செருகினாள். காரின் முன்பக்கத்தில் சின்னதாக ஒரு நீல விளக்கு எரிந்தது. காலை முழுக்க ஃப்ரீசர் பெட்டியில் சேர்ந்த மின்சாரமும், அந்த நேரத்து வெயிலும் சேர்ந்து இறங்கின. அவள் கோட்டைக் கழற்றி, பூட்ஸைக் கழற்றி, வெயிலில் காலை நீட்டிப் படியில் உட்கார்ந்தாள். நாலரை மணிக்கு எண்பதைத் தொட்டிருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக் கூரையின் எட்டு பேனல், காரின் பாரம் இறங்கியதும், விளக்குக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் தாராளமாகவே போதுமானதாக இருந்தது.

நெவிலின் பெயர் அவளுடைய வேலைப் பட்டியலில் இல்லை. அதனால் அவர் புண்ணுக்குக் கட்டு மாற்றுவது அந்தப் படியில்தான், கார் குடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நடக்கும். பட்டியலில் இல்லாததால் திட்டுவதற்கும் அவளுக்குத் தடை இல்லை. அவர் ஒளித்து வைத்துத் தின்ற பிஸ்கட்டையெல்லாம் கண்டுபிடித்துக் கோழிக்குப் போட்டாள். அவர் எதிர்த்துப் பேச ஆசைப்பட்டு, இசபெல் போனதிலிருந்து தனியாக இருந்ததில் வார்த்தை கிடைக்காமல் திணறுவார். ஜூலை கடைசிக்குள் அந்தத் திணறல் போய்விட்டது. மாலைவரை ஓயாமல் பேசினார். வாய்க்கால் பற்றியும் ஒரு நாள் பேசினார். டெஸ் மடைப் பலகையைப் பிளந்த அன்று தண்ணீர் முறை உண்மையில் டெஸ்ஸுடையதுதான் என்றார். ரேவின் கட்டை இறுக்கி முடிந்துவிட்டு, அது எனக்கு அப்போதே தெரியும், ஆனாலும் கோடாரி எடுத்தது தப்பு என்றாள்.

பத்து பேனல் காருக்குப் போதும், ஆனால் ஹீட்டருக்குக் கொஞ்சம் இழுபறி. இது எப்படியோ பள்ளத்தாக்கில் பரவியது. அவள் பராமரிக்கும் வீடுகளில் யாரும் அவளுக்கு எதுவும் தரக்கூடாதல்லவா? ஒரு மதியம் குடில் சுவரில் நாலு பேனல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. இன்னொரு மதியம் இரண்டு. யார் வைத்தது என்று நெவிலிடம் கேட்டால், நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தவர், தான் எதையும் பார்க்கவில்லை என்றார்.

அந்த ஜூலையில் மூடுபனி பத்தொன்பது நாள் நின்றது. ரேவின் ஒரு காலைகூடத் தவறவில்லை.

பதினாறாம் நாளோ பதினேழாம் நாளோ, அவள் அப்பாவுக்குச் சட்டை போட்டுவிட்டுக்கொண்டே, இன்றைக்கு வெளியே போகலாமா என்று கேட்டாள். இடுப்பு முறிந்த பிறகு அப்பா ஆஸ்பத்திரியைத் தவிர எங்கும் போனதில்லை. மதியம் இரண்டு பேருமாகத் தூக்கி அந்தச் சின்னக் காரின் முன்சீட்டில் உட்காரவைத்தோம். கார் சத்தமே இல்லாமல் பனிக்குள் ஏறியது. வெளிச்சத்துக்கு வந்ததும் அப்பா கையால் கண்ணை மறைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கையை இறக்கி, எதிரே தெரிந்த முகடுகளை இடமிருந்து வலமாகப் பெயர் சொல்லி எண்ணினார். ஒன்றும் மறக்கவில்லை. ஒரு மணி நேரம் வெயிலில் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நெவில்," என்றார் கடைசியில், "இந்த வேலியை யாரு கட்டினது? கண்ணு தெரியாத ஆளா?"

"நான்தான் ஈவர்ட். ஒரு கால்ல நின்னு கட்டினது."

"அதான் ஒரு பக்கம் சாஞ்சிருக்கு."

இறங்கி வரும்போது அப்பா ரேவினின் தோளைத் தட்டினார். ரொம்ப நல்ல நாள் என்று மட்டும் சொன்னார். அவர் வாழ்க்கையில் ஒரு நாளைப் பற்றி அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

செப்டம்பரில், ஆடுகள் குட்டி போடும் பருவத்தில், அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். காலையில் வந்த ரேவின் என்னைச் சமையலறையில் உட்காரவைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, அவரைக் கடைசியாகக் குளிப்பாட்டினாள். உள்ளே அவள் அவரோடு பேசிக்கொண்டே வேலை செய்தது கேட்டது. தினமும் பேசுவது மாதிரியே. என்ன பேசினாள் என்று நான் கேட்டதில்லை. இசபெல்லின் சாவுக்குப் பிறகு ஊர் மண்டபத்துக்குள் காலெடுத்து வைக்காத நெவில், அப்பாவின் இறுதிச் சடங்குக்கு வந்தார். யாரோடும் உட்காரவில்லை. சீஸ் ரோலும் தேநீரும் கொடுத்து முடியும்வரை, பின்னால் தொட்டியருகே நின்று எண்பது பேருடைய கோப்பைகளையும் கழுவினார்.

இது நடந்து மூன்று குளிர்காலம் ஆகிறது. நெவில் குடிலுக்குப் பின்னால் இன்னொரு வரிசைக்குச் சட்டம் அடித்திருக்கிறார். வட்டார நர்ஸும் மின்சாரக் கார் வாங்கிவிட்டாள். தபால்காரர் விசாரித்துக்கொண்டிருக்கிறார். மூடுபனி நாட்களில் மதியம் ஒன்றரைக்கு நான் ஒரு பானையில் பூசணி சூப் எடுத்துக்கொண்டு மேலே போவேன். ரேவினுக்கு அறுபத்திரண்டாகிவிட்டது, ஐந்து வீடு இப்போது ஏழு வீடு.

போன வாரம் அங்கே அவளுக்குச் சூப் ஊற்றிக் கொடுத்துவிட்டு, அப்பாவுக்குச் செய்ததற்கெல்லாம் நான் முறையாக நன்றி சொன்னதே இல்லையே என்று ஆரம்பித்தேன். அவள் ஒரு கரண்டி குடித்தாள். உப்பு அதிகம் என்றாள். நெவிலும் ஆமாம் என்றார். நான் வாயை மூடிக்கொண்டு எனக்கும் ஊற்றிக்கொண்டேன். உப்பு அதிகம்தான்.